31 வயதில் எழுதிய கடைசி சொனாட்டா

வியன்னாவில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாக 1797இல் பிறந்தவர் ஃபிரான்ஸ் ஷூபர்ட். அவரும் சில காலம் அப்பாவின் பள்ளியில் பாடம் நடத்தினார். மனமோ இசையில்தான் இருந்தது.

1828 செப்டம்பரில் உடல்நலம் குன்றி, அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டில் தங்கியிருந்தார். அங்கேதான் பியானோவுக்கு மட்டுமான மூன்று சொனாட்டாக்களை எழுதி முடித்தார். கடைசி சொனாட்டாவுக்கு நான்கு பகுதிகள். வாசிக்க ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். அமைதியான மெட்டுடன் தொடங்கும். சில நொடிகளிலேயே பியானோவின் இடக்கோடியில், தொலைவில் இடி உருள்வதுபோல ஒரு மெல்லிய அதிர்வு. பிறகு மௌனம். மீண்டும் அதே மெட்டு. ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள்.

மூன்றையும் லைப்சிக் நகரப் பதிப்பாளர் ஒருவருக்கு விற்க முயன்றார். பலனில்லை. நவம்பர் 19ஆம் தேதி ஷூபர்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 31.

அவை அச்சேறியது 1839இல். ஹும்மெல் என்ற பியானோ கலைஞருக்கே அர்ப்பணிக்க ஷூபர்ட் எண்ணியிருந்தார். அதற்குள் அவரும் இறந்துவிட்டதால், பதிப்பாளர் அவற்றை இசையமைப்பாளர் ஷூமனுக்கு அர்ப்பணித்தார்.