கதையில் டாங்கி ஓட்டியவர், பொம்மைப் போருக்கு விதி எழுதியவர்... யார் இந்த எச்.ஜி.வெல்ஸ்?

பெரிய மேஜை. அதன் மேல் பச்சைத் துணி விரித்து வயல், ஆறு, கிராமம் எல்லாம் செட் போட்டிருப்பார்கள். நடுவே விரல் நுனி அளவு டாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கும். சுற்றி, கையில் இஞ்ச் டேப்போடு ஆட்கள். பார்த்தால் சின்னப் பசங்க விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் 1943-ல் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் நடந்த மாபெரும் டாங்கிப் போரை நாள் முழுக்க மறுபடி ஆடிப் பார்ப்பவர்கள் இவர்கள். இதற்குப் பெயர் மினியேச்சர் வார்கேமிங்.

இந்த விளையாட்டின் தந்தை என்று அழைக்கப்படுபவர் ராணுவத்தில் வேலை பார்த்தவர் இல்லை. அவர் ஓர் எழுத்தாளர். டாம் க்ரூஸ் நடித்த 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படம் ஞாபகம் இருக்கா? அதன் மூலக்கதையை 1898-லேயே புத்தகமாக வெளியிட்ட எச்.ஜி.வெல்ஸ்தான் அவர்.

கால் உடைந்தது, வாசிப்பு வந்தது

1866 செப்டம்பர் 21-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள புரோம்லியில் பிறந்தார் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். அப்பா பீங்கான் சாமான்களும் கிரிக்கெட் பொருட்களும் விற்கும் கடை வைத்திருந்தார். வியாபாரம் சுமார்தான். கிரிக்கெட் ஆடிக் கிடைத்த காசில்தான் குடும்பம் ஓடியது. 1874-ல் சிறுவன் வெல்ஸுக்குக் கால் உடைந்தது. படுத்த படுக்கையில் பொழுது போக்க வந்த புத்தகங்கள் அவரை அப்படியே பிடித்துக்கொண்டன.

மூன்று வருஷம் கழித்து அப்பாவுக்கும் கால் உடைந்தது. கிரிக்கெட் வருமானம் போச்சு. அம்மா ஒரு பெரிய பங்களாவில் வீட்டு நிர்வாகி வேலைக்குப் போக, பையன் ஜவுளிக்கடையில் தொழில் பழக அனுப்பப்பட்டான். அந்த வேலையை அவர் கடைசி வரை வெறுத்தார். அதிலிருந்து மீட்டது படிப்புதான். 1884-ல் உதவித்தொகையுடன் லண்டனில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். பாடம் எடுத்தவர் டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி. 1895-ல் 'டைம் மெஷின்' நாவல் வந்ததும் வெல்ஸ் நாடறிந்த எழுத்தாளர் ஆகிவிட்டார்.

13 வருஷம் முன்னாடியே வந்த டாங்கி

1903 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் அவருடைய 'தி லேண்ட் அயர்ன்கிளாட்ஸ்' சிறுகதை வெளியானது. இரண்டு படைகள் பதுங்குகுழிகளில் எதிரெதிரே முடங்கிக் கிடக்கின்றன. ஒரு விடியற்காலையில் சுமார் 100 அடி நீளமுள்ள இரும்பு வண்டிகள் பள்ளங்களைத் தாண்டி ஊர்ந்து வருகின்றன. உள்ளே பாதுகாப்பாக உட்கார்ந்தபடி குறிபார்த்துச் சுடுகிறார்கள் இன்ஜினியர் மாதிரியான இளைஞர்கள். எதிரில் நிற்கும் வீரமான குதிரைப்படையால் எதுவும் செய்ய முடியவில்லை.

அப்போது டாங்கி என்ற வாகனமே கிடையாது. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானம் பறக்கவிட்டதும் அதே மாதத்தில்தான்!

நண்பர் சுட்ட ஒரு 'ஷாட்'

இனி பொம்மைக் கதை. கடலோர ஊரான சாண்ட்கேட்டில் வெல்ஸின் வீடு. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்த நண்பர், அங்கே கிடந்த ஸ்பிரிங் பொம்மைப் பீரங்கியை எடுத்து ஓர் ஈய வீரனைக் குறிவைத்துச் சாய்த்தார். அந்த நண்பர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்கிறார்கள். உடனே போட்டி தொடங்கியது. போட்டி விளையாட்டானது, விளையாட்டுக்கு விதிகள் வந்தன. 1913-ல் அது 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகவே வெளிவந்தது.

படையைப் பலகையில் நிறுத்தி மோதவிடுவது நமக்கொன்றும் புதுசு இல்லை. சதுரங்கம் என்ற சொல்லுக்கே தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படை என்றுதான் பொருள். ஜெர்மனியின் பிரஷ்ய ராணுவமும் 19-ம் நூற்றாண்டிலேயே வரைபடத்தில் போர் விளையாடி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. வெல்ஸ் அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார்.

விதிகள் ரொம்ப சிம்பிள். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரை இரண்டடி. பக்கத்தில் நான்கு வீரர்கள் இல்லாவிட்டால் பீரங்கியைச் சுடவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. குண்டு என்பது ஓர் அங்குல மர உருளை. அது பட்டு விழுந்த வீரன் செத்ததாகக் கணக்கு. யோசித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தவும் முடியாது. கடிகாரம் வைத்து ஆட வேண்டும். ஒரு பெரிய மனிதர் தரையில் மண்டியிட்டுக் குறிபார்ப்பதைக் கற்பனை பண்ணிப் பாருங்க!

ஆச்சரியம் என்னவென்றால், கதையில் குதிரைப்படையை டாங்கியால் துவம்சம் செய்தவர், விளையாட்டில் டாங்கியைச் சேர்க்கவே இல்லை. காலாள், குதிரை, பீரங்கி மூன்றும்தான். கடையில் கிடைத்த பொம்மைகளை வைத்துத்தானே ஆட முடியும்?

புத்தகத்தின் கடைசியில் விஷயம் சீரியஸாகிறது. இந்தக் குட்டிப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே நிஜப் போர் எவ்வளவு குளறுபடியான காரியம் என்பது புரிந்துவிடும் என்று எழுதுகிறார் வெல்ஸ். போர் வெறி பிடித்தவர்களை எல்லாம் ஒரு பெரிய அறையில் பொம்மைகளோடு பூட்டி வைத்துவிடலாம் என்பதும் அவருடைய யோசனை.

அடுத்த வருஷமே...

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. வெல்ஸ் எதிர்த்தாரா? இல்லை. ஜெர்மனியின் ராணுவ வெறியை ஒழித்தால் இதுதான் உலகின் கடைசிப் போராக இருக்கும் என்று நம்பி, ஆதரித்துக் கட்டுரைகள் எழுதினார். 1918-ல் ஜெர்மனிக்கு எதிரான அரசுப் பிரசாரப் பிரிவிலும் சில மாதங்கள் வேலை பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் அதிகம் விமர்சிக்கப்படும் பகுதி இது. விமர்சனம் நியாயமானதுதான்.

1916 செப்டம்பர் 15. பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பிரிட்டனின் டாங்கிகள் முதன்முறையாக இறங்கின. 100 அடி எல்லாம் இல்லை. பின்சக்கரத்தையும் சேர்த்தே 32 அடிதான். எடை 28 டன், உள்ளே 8 பேர், வேகம் நடந்து போகிறவரின் வேகம். பாதி வழியிலேயே பழுதாகி நின்றவை பல. வடிவமைத்த பெருமை வில்லியம் டிரிட்டன், வால்டர் வில்சன் இருவருக்கும்தான். வெல்ஸ் கற்பனை செய்தவர், அவ்வளவே. ஆனால் அந்த வண்டிகளை நேரில் பார்த்து, 1917-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

கடைசிப் போர் என்று அவர் நம்பியது பொய்த்துப் போனது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோதும் அவர் நகரத்தை விட்டுப் போகவில்லை. போருக்கு நடுவே மனித உரிமைகளுக்கான பிரகடனம் ஒன்றை உருவாக்கப் பாடுபட்டார். 1946 ஆகஸ்ட் 13-ல், 79 வயதில், லண்டன் வீட்டிலேயே இறந்தார். தந்தையோடு தரையில் பொம்மைப் போர் ஆடிய மூத்த மகன் ஜிப் பின்னாளில் விலங்கியல் அறிஞரானார்.

விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' வில்லனாக நாம் பார்த்த நடிகர் பீட்டர் குஷிங் 1950-களில் வெல்ஸின் விதிப்படியே பொம்மைப் போர் ஆடியவர். 1960-களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மலிவான பிளாஸ்டிக் டாங்கிகள் வந்ததும், வெல்ஸ் விட்டுவைத்த இடம் நிரம்பியது. பெரிய போர்களுக்கு ரொம்பச் சின்ன மாடல்களைப் பயன்படுத்துகிறார்கள். பல விதிகளில் ஒரு டாங்கியே ஒரு முழுப் பிரிவுக்குச் சமம். முன்பக்கக் கவசம் கனமானது, பக்கவாட்டில் மெலிசு என்பதால் சுற்றி வளைத்துத் தாக்குவதில்தான் ஆட்டமே இருக்கிறது.

ஆனால் மர உருளையை இப்போது யாரும் சுடுவதில்லை. இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி, அடி பட்டதா என்று பார்க்கிறார்கள். பட்டால், எரியும் டாங்கியின் புகைக்காக அதன் மேல் ஒரு துண்டு கருப்புப் பஞ்சை ஒட்டி வைக்கிறார்கள்.