டூரிங் ஒதுக்கிவைத்த குரல்

மருந்தகத்தில் நேரம் பதிவு செய்யப் பாட்டி தொலைபேசியில் அழைத்தார். பதிலளித்தது இயந்திரம். மூன்று முறை சொல்லியும் அதற்குப் புரியவில்லை. நான்காவது முறை பாட்டி தொலைபேசியை வைத்துவிட்டார். கணினியியல் மாணவியான எனக்கு ஆலன் டூரிங் நினைவுக்கு வந்தார்.

1912 ஜூன் 23ல் லண்டனில் பிறந்தவர். தந்தை சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரி. தாயார் பிறந்ததோ கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில்! இது எனக்கே புதுச் செய்தி. 24 வயதில், கணினிக்கு அடிப்படையான ஒரு கற்பனை இயந்திரத்தைக் கட்டுரையில் விவரித்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் எடை தந்து, எந்த ஊகம் சரியாக இருக்கும் என்று கணித்தார். கேட்ட ஒலி எந்தச் சொல்லாக இருக்கலாம் என்று பேச்சு இயந்திரங்கள் இன்று கணிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

அதிகம் பேசப்படாதது அவருடைய குரல் ஆய்வு. 1943ல் நியூயார்க்கின் பெல் ஆய்வுக்கூடத்தில் பேச்சை ரகசியமாக்கும் கருவிகளை ஆராய்ந்தார். நாடு திரும்பி, ‘டெலைலா’ என்ற கருவியை உருவாக்கினார். அது வேலை செய்தது. ஆனால், போர் முடிந்துவிட்டது.

1950ல் தம் புகழ்பெற்ற சோதனையை முன்வைத்தார். எதிரில் இருப்பது மனிதரா, இயந்திரமா என்று ஒருவர் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எல்லாம் தட்டச்சில்தான். டூரிங்குக்கே பேச்சு திக்கும் என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன். 50 ஆண்டுகளில், 5 நிமிட உரையாடலுக்குப் பிறகு, சராசரி நடுவர் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70 விழுக்காட்டைத் தாண்டாது என்று கணித்தார்.

நடுவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அமைதியான ஆய்வுக்கூடத்தில், கொடுத்த வேலையைச் செய்யும் தொண்டூழியர்களிடம் பேச்சு இயந்திரம் நல்ல மதிப்பெண் வாங்கலாம். அவசரத்தில் இருப்பவர் அப்படிப் பேசமாட்டார். ஆனால், டூரிங்கின் கேள்வி பாட்டிக்கு உதவாது. பேசுவது யாரென்பது அவருக்குப் பொருட்டல்ல. நேரம் கிடைத்ததா என்பதே முக்கியம்.

ஒருபாலுறவு அன்று குற்றம். 1952ல் டூரிங் தண்டிக்கப்பட்டார். ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார். 1954 ஜூன் 7ல் இறந்தபோது வயது 41. அரச மன்னிப்பு 2013ல்தான் வந்தது.

இந்தப் பருவத்தில் ஒரு பேச்சு அமைப்பை மதிப்பிடுவது என் செயல்திட்டம். முதல் சோதனையாளர் பாட்டி. தொலைக்காட்சியை அணைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.