பெரியாற்றணை கண்ட பென்னிகுயிக்

மேகத்தை அண்ணாந்து பார்த்தே ஏர் பூட்டும் நம் நாட்டில், ஆற்றுக்கு வழி வகுத்தவரை வழிபடு கடவுளோடு ஒப்ப வைத்து எண்ணுவது பழவழக்கம். தைப்பொங்கல் நாளில் கம்பம் பள்ளத்தாக்கின் குடியானவர் அவ்வாறு நினைந்து போற்றும் ஒருவர், வேற்று நாட்டவரான கர்னல் ஜான் பென்னிகுயிக் ஆவார். அன்னாரின் சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டு உரைப்பாம்.

முதற்கண் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். சிவகிரி மலையில் தோன்றும் பெரியாறு, வடக்கு நோக்கி ஓடி முல்லையாற்றோடு கூடி, பின்னர் மேற்கே சென்று அரபிக் கடலில் கலப்பது. மலைக்கு மேல்புறம் மழை அபரிமிதம். கீழ்ப்புறத்திலோ, ஏலமலைக்கும் வருஷநாட்டு மலைக்கும் இடையே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கும், அதற்கப்பாலுள்ள மதுரைச் சீமையும் போதிய நீரின்றி வாடின. மேற்கே வீணாகும் வெள்ளத்தைக் கிழக்கே திருப்பலாகாதா என்ற எண்ணம் 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் மந்திரி முத்திருளப்ப பிள்ளையின் உள்ளத்தில் உதித்தது. பொருளின்மையால் அது கைகூடவில்லை. 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் அதிகாரி, இஃது ஆகாத காரியம் என ஒதுக்கிவிட்டார். பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய கொடும் பஞ்சத்தில் எண்ணிறந்தோர் மாண்டனர். அதன் பிறகே சர்க்கார் விழித்தனர்.

பென்னிகுயிக் 1841 ஜனவரி 15-ஆம் நாள் புனாவில் பிறந்தவர். எட்டு வயது நிரம்புமுன், 1849-இல் சிலியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்தார். சீமையில் கல்வி பயின்று, 1860-இல் சென்னை எஞ்சினீயர் படையில் பணியாற்ற இந்தியா வந்தார். அபிசீனியப் போருக்கும் சென்று மீண்டார். 1882-இல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட, 1887-இல் வேலை தொடங்கிற்று.

அவ்வேலையின் கடுமை சொல்லுந்தரத்ததன்று. பாதையற்ற அடர்ந்த கானகம், யானை உலவும் இடம், பெருமழை, விஷக்காய்ச்சல், வாந்திபேதி. சாமான்களை மலைமேல் ஏற்றக் கம்பிவடம் கட்டி, நீர்விசையால் இயக்கினர். அஸ்திவாரம் எழும்பும்போதெல்லாம் ஆறு பெருகி, அமைத்த தடுப்புகளை அடித்துச் சென்றது. உடைந்ததை மறுபடியும் கட்டுவது, மறுபடியும் இழப்பது என்னும் இப்போராட்டத்திலும் இவர் மனம் தளர்ந்திலர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு, ஆற்றுப்படுகைக்கு மேல் 155 அடி உயரமும் ஏறக்குறைய 1,200 அடி நீளமும் உடைய அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் சற்று மிகுந்த சுரங்கமும் வெட்டினர். 1895 அக்டோபர் 10-ஆம் நாள், கவர்னர் வென்லாக் பிரபு முன்னிலையில் நீர் கிழக்கே பாய்ந்தது. சுரங்கத்தின் வழி இறங்கிய அந்நீர் கம்பம் வயல்களை நனைத்து, வைகையிற் கலந்து, பேரணையிலிருந்து வாய்க்கால் வழியே மேலூர் வரை சென்று, வானம் பார்த்த பூமியை நஞ்சையாக்கிற்று.

இவர் தம் உடைமைகளை விற்றே அணையை முடித்தார் என்று அப்பக்கத்து மக்கள் கூறுவர். அணை சர்க்கார் பொருளால் எழுந்ததே. ஆயினும் அக்கதை, மக்கள் இவர்பால் கொண்ட அன்பின் அளவைக் காட்டும்.

பின்னர் இவர் சீமை திரும்பி, கூப்பர்ஸ் ஹில் எஞ்சினீயரிங் கல்லூரியின் தலைவராக விளங்கினார். 1911 மார்ச் 9-ஆம் நாள் கேம்பர்லியில் காலமானார். 2013-இல் லோயர் கேம்ப்பில் இவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

சிறுவர் சிறுமியர் இதனின்று கொள்ளத்தக்கவை இரண்டு. ஒருவர் ஆகாதென்று தள்ளியதைக் கல்வியும் விடாமுயற்சியும் ஆக்கிக் காட்டும் என்பது ஒன்று. மற்றொன்று, நன்றி மறவாமை. மண்டபத்தில் பெயர் பெற்றவர் ஒருவரே. அக்காட்டில் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மடிந்த கூலியாட்களும் சிப்பாய்களும் பலர். கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லை உண்ணும்போது, பெயரறியா அவர்களையும் நினைந்து ஒரு பிடி உண்போமாக.