ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்

பௌதிகம் பயிலும் மாணவருள் சிலர், சோதனை செய்யக் கைத்திறன் இருந்தால் போதும்; கடினமான உயர்கணிதம் நமக்கு எதற்கு என்று எண்ணுவதுண்டு. சோதனை பௌதிகத்திற்கு ஒரு கண் என்றால், கணிதம் மற்றொரு கண்ணாகும். கைக்கும் கருவிக்கும் எட்டாத உண்மையையும் கணிதம் எட்டிப் பிடிக்க வல்லது. இதனைத் தம் வாழ்நாட் பணியால் உலகிற்கு உணர்த்திய பேரறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஆவார்.

மாக்ஸ்வெல் ஸ்காத்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில் 1831ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜான் என்பவர் வழக்கறிஞர். கிளென்லேர் என்னும் இடத்தில் அவருக்கு நிலபுலங்கள் இருந்தன. அங்கேதான் சிறுவர் மாக்ஸ்வெல் வளர்ந்தார். எப்பொருளைக் கண்டாலும், அஃது எவ்வாறு இயங்குகின்றது என்று வினவி, விடை தெளிவாகும்வரை அவர் விடமாட்டார். எட்டாம் வயதிலேயே அன்னையை இழந்தார். பத்தாம் வயதில் எடின்பரோ நகரப் பள்ளியிற் சேர்ந்தபோது, அவருடைய நாட்டுப்புற உடையையும் பேச்சையும் கண்ட மாணவர்கள் அவரை மந்தன் என்று பட்டம் சூட்டி எள்ளி நகையாடினர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நூலையும் ஊசிகளையும் கொண்டு முட்டை வடிவ வளைகோடுகளை வரையும் முறையை ஆராய்ந்து, பதினான்காம் வயதிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அறிஞர் அவையில் நின்று படிக்கும் வயது அவருக்கு வாய்க்காமையால், 1846இல் பேராசிரியர் ஃபோர்ப்ஸ் அதனை எடின்பரோ ராயல் கழகத்திற் படித்தார்.

பின்னர் மாக்ஸ்வெல் எடின்பரோப் பல்கலைக் கழகத்திலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் 1854இல் நடைபெற்ற கடினமான கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். தாம் கற்ற கணிதத்தைத் தேர்வோடு அவர் விட்டுவிடவில்லை. இயற்கையின் மறைபொருளைத் திறக்கும் திறவுகோலாக அதனைக் கொண்டார்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே என்னும் ஒப்பற்ற சோதனையாளர் இருந்தார். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகி, தம் முயற்சியால் உயர்ந்தவர் அவர். கம்பிச் சுருளினருகே காந்தத்தை அசைத்தால் மின்னோட்டம் தோன்றும் என்று 1831இல் அவர் கண்டறிந்தார். காந்தத்தைச் சுற்றியுள்ள வெளியெங்கும் விசைக் கோடுகள் பரவியுள்ளன என்பது அவர் கருத்து. ஆனால், ஃபாரடே கணிதம் பயின்றவரல்லர். ஆதலின், கணித அறிஞர் பலர் அக்கோடுகளை வெறுங் கற்பனை என்றே கருதினர். மாக்ஸ்வெல் அவ்வாறு கருதவில்லை. ஃபாரடேயின் நூல்களை முதலிற் கற்ற பின்னரே, மின்சாரம் பற்றிய கணித நூல்களைத் தொடுவது என்று உறுதி பூண்டார். அவ்விசைக் கோடுகளுக்குக் கணித வடிவம் தந்து, 1855, 1856ஆம் ஆண்டுகளில் ஒரு கட்டுரையை வெளிப்படுத்தினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு மூத்தவரான ஃபாரடே, தம் கருத்தின்மீது இத்துணைக் கணிதம் பாய்வதைக் கண்டு முதலில் அஞ்சினார். தம் கருத்து அதனைத் தாங்கி நின்றதைக் கண்டு பின்னர் வியந்தார்.

அக்காலத்திலேயே சனிக் கோளின் வளையங்களையும் மாக்ஸ்வெல் ஆராய்ந்தார். வளையம் ஒரே திண்பொருளாயின் நிலைத்து நில்லாது, நீர்மமாயின் சிதறிப்போகும், எண்ணற்ற சிறு துணுக்குகளாயின் மட்டுமே நிலைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இதற்காக 1857இல் ஆடம்ஸ் பரிசு பெற்றார். அம்முடிவு சரியே என்பதை 1895இல் கீலர் என்னும் வானநூலறிஞர் ஒளி ஆய்வினால் மெய்ப்பித்தார்.

1860இல் மாக்ஸ்வெல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரானார். மாறும் காந்தப் புலம் மின்புலத்தைத் தோற்றுவிக்கும் என்பது ஃபாரடே கண்டது. மாறும் மின்புலமும் காந்த விளைவைத் தோற்றுவித்தல் வேண்டும் என்று மாக்ஸ்வெல் கொண்டார். அதனை அதுகாறும் எந்தச் சோதனையும் காட்டவில்லை. அவ்வாறாயின், ஒன்று மற்றொன்றைத் தோற்றுவிக்க, இரண்டும் அலையாக வெளியிற் பரவிச் செல்லும். அவ்வலையின் வேகம் யாது? 1861ஆம் ஆண்டுக் கோடையில், கிளென்லேரில் இருந்தபோது, அதற்குரிய வாய்பாட்டை அவர் வகுத்தார். கணக்கிட வேண்டிய அளவுகள் அங்கே அவரிடம் இல்லை. லண்டன் திரும்பியதும், வெபர், கோல்ராஷ் என்னும் ஜெர்மானியர் மின்சாரச் சோதனையில் அளந்த எண்ணை எடுத்துக் கணக்கிட்டார். வினாடிக்கு 3,10,740 கிலோமீட்டர் என விடை வந்தது! ஒளியின் வேகம் என ஃபிசோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அளந்திருந்ததோ 3,14,858 கிலோமீட்டர். விளக்கே ஏற்றாத சோதனையிலிருந்து ஒளியின் வேகம் கிடைத்தது. ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்னும் பேருண்மை இவ்வாறு புலனாயிற்று. இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 2,99,792 கிலோமீட்டர் ஆகும்.

இக்கொள்கையை 1865இல் வெளியான கட்டுரையில் இருபது சமன்பாடுகளாக அவர் விரித்துரைத்தார். 1873இல் மின்சாரமும் காந்தமும் பற்றிய பெருநூலை இயற்றினார். கணித வல்லுநராயினும் அவர் சோதனையை இகழ்ந்தாரல்லர். கேம்பிரிட்ஜில் கவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தை அமைத்து, அதன் முதற் பேராசிரியராகவும் விளங்கினார். எனினும், தம் அலைகளைச் சோதனையிற் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அன்னையின் உயிரைக் கவர்ந்த வயிற்றுப் புற்றுநோயே அவரையும் பற்றியது. 1879ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார்.

எட்டாண்டுகள் கழிந்தபின், ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவ்வலைகளைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கி, ஒளியைப் போலவே அவை எதிரொளித்தலையும் விலகுதலையும் 1888க்குள் நிறுவினார். 1895இல் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், கல்கத்தாவில் அவ்வலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அவ்வலைகளின் பயனே.

ஃபாரடேயின் சோதனை இல்லையேல், மாக்ஸ்வெலின் கணிதத்திற்குப் பொருளில்லை. மாக்ஸ்வெலின் கணிதம் இல்லையேல், ஃபாரடேயின் கோடுகளுள் ஒளி மறைந்திருந்தது புலனாகியிராது. ஆதலின் மாணவர்களே, பௌதிகத்தில் உயர விரும்புவோர் கணிதத்தைச் சுமையெனக் கருதாது, விரும்பிக் கற்றல் வேண்டும்.