பாதையைக் காப்பாற்றிய ஆக்டேவியா!

குழந்தைகளே! இங்கிலாந்தில் விடுமுறை நாள் வந்துவிட்டால் பல குடும்பங்கள் நடக்கக் கிளம்பிவிடும். கடைக்கோ, உறவினர் வீட்டுக்கோ அல்ல, சும்மா நடப்பதற்கு! தாத்தா கையில் ஒரு தடி. அம்மா முதுகில் ரொட்டியும், பிளாஸ்க்கில் தேநீரும் வைத்த பை. பொடியன்கள் காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஆற்றங்கரை ஓரமாகப் போவார்கள். மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் நுழைவார்கள். ஹீதர் என்ற குட்டிச்செடி ஊதா நிறத்தில் பூத்துப் படர்ந்திருக்கும் மேட்டு நிலத்தில் ஏறுவார்கள்.

வழியில் யாரோ ஒருவருடைய வயல் குறுக்கிடும். அங்கே வேலியைத் தாண்டுவதற்கு மரப்படி வைத்திருப்பார்கள். அதில் ஏறி இறங்கி, மேயும் ஆடுகளுக்கு நடுவே அந்த வயலைக் கடந்து போவார்கள். நிலத்துக்காரர் அவர்களை விரட்ட முடியாது! ஏனென்றால், நிலம் அவருடையது என்றாலும் அந்த ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

இந்த உரிமை எளிதாக நிலைத்துவிடவில்லை. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஆக்டேவியா ஹில். அவருடைய கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

1838ம் ஆண்டு, டிசம்பர் 3ம் தேதி, விஸ்பீச் என்ற ஊரில் ஆக்டேவியா பிறந்தார். லத்தீன் மொழியில் ஆக்டேவியா என்றால் எட்டாவது என்று பொருள். அப்பா ஜேம்ஸ் ஹில்லுக்கு அவர் எட்டாவது மகள்! அப்பா தானிய வியாபாரி. ஆக்டேவியாவுக்கு இரண்டு வயது கூட நிறையாத நேரத்தில் வியாபாரம் நொடித்துப் போனது. அந்த அதிர்ச்சியில் அப்பாவின் மனநிலையும் பாதிக்கப்பட்டது. குடும்பம் சிதறிவிடாமல் காப்பாற்றியது அம்மா கரோலினும், அம்மாவின் அப்பா சவுத்வுட் ஸ்மித்தும்தான். இந்தத் தாத்தா ஒரு டாக்டர். சுரங்கங்களில் வேலை செய்த குழந்தைகள் படும் பாட்டை அரசுக்காக நேரில் ஆராய்ந்தவர்.

லண்டனுக்கு வெளியே பிஞ்ச்லி என்ற கிராமத்தில் அம்மா பிள்ளைகளுடன் குடியேறினார். வீட்டில் பணம் இல்லை. ஆனால், வாசலைத் தாண்டினால் வயல்வெளி! ஆக்டேவியாவும் அக்கா, தங்கைகளும் நாள் முழுக்க அங்கேதான் ஓடி விளையாடினர்.

ஆக்டேவியாவுக்குப் பதிமூன்று வயதானபோது அம்மாவுக்கு லண்டன் நகரில் வேலை கிடைத்தது. ஏழைப் பெண்கள் கைவேலை செய்து பிழைக்க உதவும் ஒரு கூட்டுறவுக் கூடத்தை அவர் நிர்வகிக்க வேண்டும். குடும்பம் நகரத்துக்கு வந்தது. புகையும் இடுக்குச் சந்துகளும் ஆக்டேவியாவை மிரள வைத்தன. அதைவிட மிரள வைத்தது, அங்கே வாழ்ந்த குழந்தைகளின் நிலை.

அந்தக் கூடத்தில் ஒரு பகுதி, பொம்மை வீட்டுக்கான குட்டி நாற்காலி, மேஜைகள் செய்யும் இடம். மிகவும் ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பள்ளிகளைச் சேர்ந்த சிறுமிகள் அங்கே வேலை செய்தனர். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு யாரிடம் வந்தது தெரியுமா? பதினான்கு வயது ஆக்டேவியாவிடம்! அவரைவிட வயதில் பெரிய பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். சிலருக்குச் சரியான சாப்பாடு கிடையாது. எனவே, எல்லோரும் சேர்ந்து அங்கேயே மதிய உணவைச் சமைத்துச் சாப்பிட ஏற்பாடு செய்தார் ஆக்டேவியா.

சனிக்கிழமை பிற்பகல்களில் அவர்களை அழைத்துக்கொண்டு நடக்கக் கிளம்புவார். ஹாம்ப்ஸ்டட் மேடு, ஹைகேட், பிஷப்ஸ் உட் என்ற காடு... எல்லாம் கால்நடையாகத்தான். புல்வெளியையே சரியாகப் பார்த்திராத நகரத்துச் சிறுமிகளுக்கு அது எப்பேர்ப்பட்ட நாளாக இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்! காசு இல்லாத குடும்பத்துக்கு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க, நடந்து போகும் தூரத்தில் கொஞ்சம் பச்சை நிலம் வேண்டும் என்ற எண்ணம் ஆக்டேவியாவின் மனதில் அப்போதே பதிந்துவிட்டது.

வளர்ந்த பிறகு அவர் பெயர் வாங்கியது வேறொரு வேலைக்காக. 1865ல், ஜான் ரஸ்கின் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் பணம் போட, மாரிலெபோன் பகுதியில் இடிந்து கிடந்த மூன்று வீடுகளை ஆக்டேவியா ஏற்று நடத்தினார். கூரையைப் பழுதுபார்த்து, சாக்கடையைச் சீராக்கி, ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார். வாரா வாரம் தானே போய் வாடகை வாங்குவார், குறைகளையும் கேட்பார். பிற்காலத்தில் இப்படி நூற்றுக்கணக்கான வீடுகள் அவர் பொறுப்பில் வந்தன. அந்தக் கதையே தனியாக ஒரு புத்தகம் எழுதும் அளவுக்குப் பெரியது. நாம் மறுபடியும் பாதைக்குப் போவோம்.

1875ம் ஆண்டு. மாரிலெபோன் ஏழைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஸ்விஸ் காட்டேஜ் வயல்கள் என்ற பசுமையான இடம் இருந்தது. அங்கே வீடுகள் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. ஆக்டேவியா பதறிப்போனார். நிலத்தை வாங்க 10,000 பவுண்டு தேவை. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. வீடு வீடாக ஏறி இறங்கினார். கடிதம் கடிதமாக எழுதினார். சில வாரங்களிலேயே 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது! ஆனால், நிலத்துக்காரர்கள் விற்க மறுத்துவிட்டனர். வயல்கள் போயின, தெருக்களும் வீடுகளும் எழுந்தன. இன்று அங்கே போனால் கட்டடங்களைத்தான் பார்க்கலாம்.

அந்தத் தோல்வி அவரை மிகவும் வாட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் உடல்நலமும் கெட்டு, நீண்ட ஓய்வு எடுக்க வேண்டி வந்தது. ஆனால், போராட்டத்தை விடவில்லை. ஹாம்ப்ஸ்டட் மேட்டை ஒட்டிய பார்லிமென்ட் ஹில் என்ற குன்றுக்கும் அதே ஆபத்து வந்தபோது, மற்றவர்களுடன் சேர்ந்து பாடுபட்டார். 1889ல் அந்தக் குன்று பொதுமக்களுக்குக் கிடைத்தது. இன்றும் லண்டன் குழந்தைகள் அங்கே காற்றாடி விடுகிறார்கள்.

சரி, ஒற்றையடிப் பாதை விஷயத்துக்கு வருவோம். பாதை எப்படிக் காணாமல் போகும் என்று கேட்கிறீர்களா? ஒரு நிலத்துக்காரர் தன் வயல் நடுவே போகும் பாதையில் ஒருநாள் வேலி போடுவார். அந்த வழியில் போகும் கூலிக்காரர் எதிர்த்துக் கேட்கப் பயப்படுவார், சுற்றிக்கொண்டு போவார். சில ஆண்டுகள் கழிந்தால் பாதையில் புல் மண்டிவிடும். அங்கே ஒரு வழி இருந்தது என்று சொல்ல, வயதானவர்கள் நான்கு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். அவர்களும் இறந்த பிறகு? கோர்ட்டில் நிரூபிக்க ஆளே இருக்காது!

இதைத் தடுக்க, 1888ல் கென்ட், சர்ரே ஆகிய இரண்டு மாவட்டங்களின் பாதைகளைக் காக்க ஒரு குழு அமைத்தார் ஆக்டேவியா. எந்தப் பாதை அடைக்கப்பட்டது என்று தேடிப் பார்ப்பது, அதைத் திறக்கச் செய்வது, பழைய வழிகளில் தொடர்ந்து நடக்கும்படி மக்களிடம் சொல்வது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. நடக்க நடக்கத்தான் பாதை உயிரோடு இருக்கும் அல்லவா? பிறகு 1932லும், 1949லும் வந்த சட்டங்கள் இந்தப் பாதைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தன. இப்போது இங்கிலாந்திலும், வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுப் பாதைகள் உள்ளன. பூமியை ஐந்து முறைக்கு மேல் சுற்றி வரும் தூரம்!

ஒருமுறை, டெப்ட்போர்டு என்ற இடத்தில் ஒரு பழைய தோட்டத்தை மக்களுக்கே கொடுத்துவிட அதன் சொந்தக்காரர் விரும்பினார். ஆனால், அதை வாங்கி வைத்துக் காப்பதற்குச் சரியான அமைப்பு எதுவும் இல்லை! இப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று ஆக்டேவியாவும், ராபர்ட் ஹண்டர் என்ற வழக்கறிஞரும் அப்போதே பேசினர். ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியாரும் சேர்ந்துகொண்டார். மூவருமாக 1895ல் தொடங்கியதுதான் நேஷனல் டிரஸ்ட். வேல்ஸ் நாட்டின் கடலோரத்தில் தினாஸ் ஓலை என்ற சிறு மலைச்சரிவை, பேனி டால்பட் என்ற பெண்மணி இலவசமாகக் கொடுத்தார். ஐந்து ஏக்கர் கூட இல்லை! டிரஸ்டின் முதல் சொத்து அதுதான்.

1902ல் இன்னொரு பெரிய சோதனை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் பிராண்டல்ஹோ என்ற காடு விற்பனைக்கு வந்தது. 108 ஏக்கர், விலை 6,500 பவுண்டு. பணக்காரர்கள் வாங்கிவிட்டால் கரையில் மாளிகைகள் எழும்பும்; மற்றவர்கள் ஏரிப் பக்கமே போக முடியாது. முன்பு பட்ட அடி ஆக்டேவியாவுக்கு மறந்திருக்குமா? மறுபடியும் நிதி திரட்டினார். இம்முறை தொழிலாளர்களும் தங்களால் முடிந்த ஷில்லிங்குகளை அனுப்பினர். ஏரியைத் தான் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தும், மற்றவர்கள் பார்க்கட்டும் என்று பணம் அனுப்பினார் ஓர் ஆலைத் தொழிலாளி!

பணம் சேர்ந்தது, காடு பிழைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில், விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் இளவரசி வந்து திறந்து வைத்தார். விழாவில் ஓக் மரக்கன்றுகளும் நட்டனர். ஏரியை ஒட்டிக் காட்டுக்குள் வளைந்து போகும் அந்தப் பாதை பெரும்பாலும் சமமானது. சின்னக் குழந்தைகளும் சிணுங்காமல் நடக்கலாம்.

ஆக்டேவியா சொன்னதெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. பாராளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்று வாதிட்டவர் அவர்! இத்தனை சாதித்த ஒரு பெண் அப்படி நினைத்தது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாடு அவரை மதித்தது. 1887ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு, சொந்தச் சாதனைக்காக அழைக்கப்பட்ட பெண்கள் மூன்றே பேர். ஒருவர் நீங்கள் பாடத்தில் படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், மற்றொருவர் ஜோசபின் பட்லர், மூன்றாமவர் ஆக்டேவியா.

வாழ்க்கையின் பிற்பகுதியில் கென்ட் மாவட்டத்தின் கிராக்கம் ஹில் கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டார். சுற்றியிருந்த டாய்ஸ் ஹில், ஐட் ஹில் போன்ற குன்றுகளில் நிலம் வாங்கி டிரஸ்டுக்குச் சேர்த்தார். கடைசி ஆண்டுகளில், லண்டனுக்குத் தெற்கே ஆலைகளுக்கு நடுவே ஓடும் வாண்டில் என்ற சிற்றாற்றின் கரையிலும் மக்கள் நடக்க இடம் வேண்டும் என்று முயன்றார். அதை முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1912ம் ஆண்டு, ஆகஸ்ட் 13ம் தேதி, 73 வயதில் காலமானார். அவர் விரும்பியபடியே கிராக்கம் ஹில் தேவாலயத்தில், அக்கா மிராண்டாவின் பக்கத்தில் அடக்கம் செய்தனர். அந்த ஆற்றங்கரையில் இப்போது சுமார் 20 கிலோமீட்டர் நீள நடைபாதை இருக்கிறது.

நேஷனல் டிரஸ்டில் இன்று 50 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். 1907ல் வந்த ஒரு சட்டத்தால், மக்களுக்காக நிரந்தரமாக வைத்திருப்பது என்று டிரஸ்ட் அறிவித்த நிலத்தை அதுவே நினைத்தாலும் விற்க முடியாது. ஆக்டேவியா இறந்த பிறகு, 1915ல், சர்ரே மாவட்டத்தில் ஹைடன்ஸ் பால் என்ற குன்றும், அதைச் சுற்றியுள்ள ஹீதர் காடும் அவர் நினைவாக டிரஸ்டுக்கு வந்தன. குன்றின் உச்சியில் அவர் பெயரில் ஒரு கல் இருக்கை போட்டிருக்கிறார்கள். மூச்சிரைக்க மேலே ஏறி வரும் பிள்ளைகள் அதில் உட்கார்ந்துதான் சாப்பாட்டுப் பையைப் பிரிப்பார்கள்!