மைக்கேல் ஜாக்சன் (எழுத்தாளர்)

இக்கட்டுரை பியர், விஸ்கி ஆகியவை குறித்து எழுதிய ஆங்கிலேய எழுத்தாளரைப் பற்றியது. இதே பெயர் கொண்ட அமெரிக்கப் பாடகர் வேறொருவர்.

மைக்கேல் ஜேம்ஸ் ஜாக்சன் (மார்ச் 27, 1942 - ஆகஸ்ட் 30, 2007) ஓர் ஆங்கிலேய இதழாளரும் எழுத்தாளரும் ஆவார். உலகின் பல நாடுகளில் தயாரிக்கப்படும் பியர்களைச் சுவைத்து, ஒப்பிட்டு, அவற்றை வகைப்படுத்தி எழுதியமைக்காக இவர் அறியப்படுகிறார். இன்று பியர் பற்றிய நூல்களிலும் போட்டிகளிலும் உணவக அட்டைகளிலும் காணப்படும் வகைப்பாட்டுக்கு இவர் 1977 இல் வெளியிட்ட "உலக பியர் வழிகாட்டி" என்னும் நூலே அடிப்படையாகும். ஒரு பியரை அதன் வகையைச் சேர்ந்த பிற பியர்களுடன் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது இவரது அணுகுமுறையின் சாரம். இப்போது இது இயல்பாகத் தோன்றினாலும், அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் இவ்வாறு சிந்தித்தோர் மிகச் சிலரே.

பிறப்பும் இளமையும்

ஜாக்சன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள வெதர்பி என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை லித்துவேனிய யூத மரபினர், சுமையுந்து ஓட்டுநர். யாக்கோவிட்ஸ் என்ற குடும்பப் பெயரை அவர் ஜாக்சன் என ஆங்கிலமயமாக்கிக் கொண்டார். தாயார் யார்க்‌ஷயரைச் சேர்ந்தவர். அல்மண்ட்பரியில் உள்ள கிங் ஜேம்ஸ் இலக்கணப் பள்ளியில் பயின்ற ஜாக்சன், 16 ஆம் வயதில் பள்ளியை விட்டு விலகி, அண்மையிலிருந்த ஹடர்ஸ்பீல்டு நகரின் செய்தித்தாளில் பணிக்குச் சேர்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி இவருக்கு இல்லை. பின்னர் எடின்பரோவில் பணியாற்றியபோது விஸ்கியுடன் அறிமுகம் ஏற்பட்டது. லண்டனில் விளம்பரத் துறைக்கான "கேம்பெய்ன்" என்னும் இதழின் ஆசிரியராகச் சிறிது காலம் இருந்தார்.

1969 இல் நெதர்லாந்தில் பணியாற்றிக் கொண்டிருந்தபோது பெல்ஜிய பியர்களை முதன்முறையாகச் சுவைத்தார். பெல்ஜியத்தில் திராப்பிஸ்டு துறவிகள் தம் மடங்களிலேயே தயாரிக்கும் பியர்கள் உள்ளன. அடர்ந்த நிறமும் பழமணமும் மிகுந்த வலிமையும் கொண்டவை. ஆங்கிலேயர் அறிந்த பியர்களோடு இவற்றுக்கு ஒற்றுமை மிகக் குறைவு. அண்டை நாட்டில் இத்தகைய பியர்கள் இருப்பது தம் நாட்டில் ஏறக்குறைய எவருக்கும் தெரியாது என்பதே இவரை இத்துறைக்கு இட்டுச் சென்றது எனலாம்.

காலப் பின்னணி

1842 இல் இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில் பொன்னிறமான தெளிந்த பியர் ஒன்று உருவாக்கப்பட்டது. குறைந்த வெப்பநிலையில் நொதிக்க விடப்பட்டு, பின்னர் பல வாரங்கள் குளிரில் வைத்து முதிர்விக்கப்படும் இவ்வகை லாகர் என்னும் பிரிவைச் சார்ந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் பில்சனரின் மென்மையாக்கப்பட்ட நகல்கள் உலகெங்கும் பரவின. 1970 களின் இறுதியில் அமெரிக்காவில் நூற்றுக்கும் குறைவான பியர் ஆலைகளே எஞ்சியிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே சுவையுள்ள பியரையே தயாரித்தன. பிரித்தானியாவில் மரபான ஏல் பியரை வளி அடைத்த கலன்களில் வரும் பியர் இடம்பெயர்த்து வந்தது. இதனை எதிர்த்து 1971 இல் அங்கு நுகர்வோர் இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. எனினும் அவ்வியக்கம் தன் நாட்டு ஏலைக் காப்பதிலேயே கவனம் செலுத்தியது. மற்ற நாடுகளில் அழிந்து கொண்டிருந்த பியர்களைப் பற்றிய பொதுவான பதிவு எதுவும் இல்லை.

உலக பியர் வழிகாட்டி

1976 இல் ஆங்கிலேய மதுவிடுதிகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்ட ஜாக்சன், அடுத்த ஆண்டில் உலக பியர் வழிகாட்டியை வெளியிட்டார். இந்நூல் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. இதன் பெரும்பகுதி நாடுவாரியாக அமைந்திருந்தாலும், நூலின் தனிச்சிறப்பு பியர்களை வகைகளாகப் பிரித்துக் காட்டியதே ஆகும். அதற்கு முன் ஒவ்வொரு ஊரிலும் பியருக்குப் பெயர்கள் இருந்தன. ஆனால் ஊர்களைக் கடந்து அவற்றை ஒரே அட்டவணையில் பொருத்தும் முயற்சி இருக்கவில்லை.

ஜாக்சன் முதலில் நொதிக்கும் முறையைக் கொண்டு பிரித்தார். மிதமான வெப்பநிலையில் மேற்பரப்பில் திரளும் ஈஸ்டால் நொதிப்பவை ஒரு பிரிவு. ஏல், போர்ட்டர், ஸ்டவுட், கோதுமை பியர் ஆகியன இதில் அடங்கும். குளிர்ந்த நிலையில் அடியில் படியும் ஈஸ்டால் நொதிக்கும் லாகர்கள் மற்றொரு பிரிவு. ஈஸ்ட் எதுவும் சேர்க்கப்படாமல் காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் உள்ள நுண்ணுயிர்களால் தாமாகவே நொதிப்பவை மூன்றாம் பிரிவு. இம்மூன்றுக்கும் கீழே நிறம், வலிமை, மூலப்பொருள், பிறந்த ஊர் ஆகியவற்றைக் கொண்டு உட்பிரிவுகளை அமைத்தார்.

மூன்றாம் பிரிவைச் சேர்ந்த லாம்பிக் பியர் பிரசெல்சு நகரை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் தயாரிக்கப்படுவது. கொதிக்க வைத்த தானியச் சாறு ஆழமற்ற திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆற விடப்படுகிறது. பின்னர் மரப்பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டுகள் வரை முதிர்கிறது. இளையதையும் முதிர்ந்ததையும் கலந்து புட்டியில் அடைத்தால் அது கூசு எனப்படும். புளிப்பும் தொழுவத்தை ஒத்த மணமும் உடைய இதனைப் பில்சனருடன் ஒப்பிட்டால் கெட்டுப்போன பியர் என்றே எவரும் தீர்ப்பளிப்பர். மற்றொரு லாம்பிக்குடன் ஒப்பிடும்போதுதான் புளிப்பு சீராக உள்ளதா, மரத்தின் சுவை மிகுந்துவிட்டதா என்பன போன்ற வினாக்கள் பொருள் பெறுகின்றன. பியர் சுவைத்தலுக்கு ஜாக்சனின் முதன்மையான பங்களிப்பு இதுவே. பழுது எது, இயல்பு எது என்பதை வகையே தீர்மானிக்கிறது.

சுவைக்கும் முறை

ஜாக்சன் பியரை வைனுக்கு இணையான மதிப்புடன் அணுகினார். நிறம், நுரை, மணம், நாவில் உணரப்படும் திண்மை, விழுங்கிய பின் எஞ்சும் சுவை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக் கொள்வார். வைன் சுவைப்போர் உமிழ்ந்து விடுவது வழக்கம். பியரில் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு இறுதியில்தான் முழுமையாக வெளிப்படும் என்பதால் விழுங்குவதே முறை. மென்மையானவற்றிலிருந்து வலியவற்றுக்குச் செல்லும் வரிசையும் இன்றியமையாதது. வறுத்த மால்ட்டின் கசப்புள்ள ஸ்டவுட்டை முதலில் அருந்தியவருக்கு அடுத்து வரும் கோதுமை பியர் நீரைப் போலத் தோன்றும்.

சுவைகளை எழுத்தில் உணர்த்த அன்றாட உணவுப் பொருள்களின் பெயர்களைப் பயன்படுத்தினார். பவேரியக் கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் உண்டு. இவை எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை, ஈஸ்டே அம்மணத்தைத் தருகிறது. மாறாக, பெல்ஜிய வெள்ளை பியரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையிலேயே சேர்க்கப்படுகின்றன. பாம்பெர்க் நகரின் புகை பியருக்கான மால்ட் பீச் மர நெருப்பில் உலர்த்தப்படுவதால் புகையூட்டிய இறைச்சியின் மணத்தைப் பெறுகிறது. ஒவ்வொரு சுவையும் எங்கிருந்து வருகிறது என்பதைச் சேர்த்தே எழுதியதால் இவருடைய குறிப்புகள் வெறும் வருணனையாக நின்றுவிடவில்லை.

1982 இல் வெளியான கையடக்க வழிகாட்டியில் பியர்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை நட்சத்திரங்கள் வழங்கினார். ஒரு நட்சத்திரம் என்பது அந்நாட்டுக்கும் அவ்வகைக்கும் இயல்பான பியர் என்பதையும், நான்கு என்பது உலக அளவில் முன்மாதிரியானது என்பதையும் குறித்தது. விஸ்கிக்கு மட்டும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் அளித்தார்.

மறைந்த வகைகளின் மீட்சி

இவருடைய நூல் பட்டியலாக மட்டும் இராமல் சில பியர்களை மீண்டும் தோற்றுவிக்கவும் காரணமாயிற்று. ஓட்ஸ் சேர்த்த ஸ்டவுட் 1970 களில் எங்கும் தயாரிக்கப்படவில்லை. நின்றுபோன அத்தகைய ஆங்கிலேய பியர் ஒன்றைப் பற்றி ஜாக்சன் 1977 நூலில் குறிப்பிட்டிருந்தார். அதன் பின்னர் 1980 இல் டாட்காஸ்டரிலுள்ள சாமுவேல் சுமித் ஆலை அவ்வகையை மீண்டும் தயாரித்தது. ஜாக்சன் பிறந்த வெதர்பிக்கு அருகில் உள்ள ஊரே டாட்காஸ்டர். இன்று பல நாடுகளில் ஓட்ஸ் ஸ்டவுட் தயாரிக்கப்படுகிறது. ஒரு நூலில் இடம்பெற்ற சிறு குறிப்பிலிருந்து ஒரு பியர் வகை உயிர்பெற்ற நிகழ்வு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் வெள்ளை பியர் தயாரித்த கடைசி ஆலை 1950 களில் மூடப்பட்டது. பியர் செலிஸ் என்பவர் 1960 களின் நடுவில் அதனை மீட்டெடுத்தார். இம்மீட்பில் ஜாக்சனுக்குப் பங்கில்லை. ஆனால் வெள்ளை பியர் பெல்ஜியத்துக்கு வெளியே அறிமுகமானதில் அவரது எழுத்துக்குப் பங்குண்டு. 1991 இல் பெல்ஜிய பியர்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். இப்பணிக்காக 1994 இல் அப்போதைய பெல்ஜியப் பட்டத்து இளவரசர் பிலிப் இவருக்கு மெர்க்குரியசு விருதை வழங்கினார்.

அமெரிக்காவில் தாக்கம்

அமெரிக்காவில் 1965 இல் பிரிட்ஸ் மேட்டாக் என்பவர் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை மூடப்படும் நிலையிலிருந்து காப்பாற்றியிருந்தார். 1976 இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்னும் சிற்றாலை தொடங்கப்பட்டது. வீட்டில் பியர் தயாரிப்பதை அனுமதிக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1978 இல் கையெழுத்திட்டார். இவ்வாறு தயாரிக்கத் தொடங்கிய பலருக்குத் தாம் தயாரிக்க விரும்பும் பியரைக் கடையில் வாங்கிச் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை. ஜாக்சனின் வருணனையைப் படித்து, அதற்கேற்ற பியரை ஊகித்துச் செய்து பார்த்தனர். அமெரிக்கச் சிற்றாலைகளின் தொடக்ககால பியர்கள் ஐரோப்பிய மூலங்களிலிருந்து சற்று விலகியிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அமெரிக்காவில் பியர் விழா ஒன்றை நடத்தும் எண்ணத்தை சார்லி பப்பாசியன் தெரிவித்தபோது, எண்ணம் நன்று, ஆனால் அங்கே பரிமாற என்ன பியர் இருக்கிறது என ஜாக்சன் வினவியதாகக் கூறப்படுகிறது. விழா 1982 இல் கொலராடோவின் போல்டர் நகரில் இருபதுக்கும் மேற்பட்ட ஆலைகளுடன் நடந்தது. 2020 களில் அமெரிக்க ஆலைகளின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைக் கடந்தது. 1985 இல் அங்கு தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் வகைப்பாடும் ஜாக்சனின் வகைப்பாட்டிலிருந்து கிளைத்ததே.

1990 ஐ ஒட்டி ஒளிபரப்பான "பியர் வேட்டைக்காரர்" என்னும் தொலைக்காட்சித் தொடர் இவருக்குப் பரவலான புகழைத் தந்தது. வேட்டைக்காரர் என்பதே பின்னர் இவருக்குப் பட்டப்பெயராக நிலைத்துவிட்டது. பாடகரின் பெயரும் தம் பெயரும் ஒன்றாக இருந்ததை இவர் பலமுறை வேடிக்கையாகப் பயன்படுத்திக் கொண்டார்.

இலங்கை

ஜாக்சன் எழுதிய ஆசிய பியர்களுள் இலங்கையின் லயன் ஸ்டவுட் குறிப்பிடத்தக்கது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நுவரெலியாவில் இருந்த ஆலையில் இது தயாரிக்கப்பட்டது. பிரித்தானியர் விட்டுச் சென்ற வலிய ஸ்டவுட் மரபு வெப்ப நாடொன்றின் மலைப்பகுதியில் தொடர்ந்ததையும், கண்டியில் அது பீப்பாயிலிருந்து கைவிசைக் குழாய் மூலம் ஆங்கிலேய முறையிலேயே பரிமாறப்பட்டதையும் இவர் பதிவு செய்தார். பொருள்களை மலைப்பாதையில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்த அவ்வாலை பின்னர் பியகமவுக்கு மாற்றப்பட்டது. இலங்கையில் பலராலும் சாதாரணமாகக் கருதப்பட்ட இந்த ஸ்டவுட் பிறநாட்டு பியர் ஆர்வலரிடையே மதிப்புப் பெற இவருடைய எழுத்து உதவியது.

விஸ்கி

1987 இல் உலக விஸ்கி வழிகாட்டியையும் 1989 இல் மால்ட் விஸ்கி குறித்த கையேட்டையும் வெளியிட்டார். பியர் நூல்களைக் காட்டிலும் விஸ்கி நூல்களே இவருக்கு மிகுந்த வருவாய் ஈட்டித் தந்தன என்பர். விஸ்கி பற்றிய இவரது நூலொன்றுக்கு 2006 இல் ஜேம்ஸ் பியர்டு விருது கிடைத்தது.

விமர்சனங்கள்

பியர் ஆலைகளின் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர்கள், வகைகள் ஜாக்சன் காட்டிய அளவுக்கு நிலையானவை அல்ல எனப் பின்னர் சுட்டிக்காட்டினர். ஸ்டவுட் என்ற சொல் தொடக்கத்தில் வலிய பியர் எதனையும் குறித்தது. மைல்டு எனப்பட்டது 19 ஆம் நூற்றாண்டில் முதிர்விக்கப்படாத புதிய பியர். அது வலியதாகவும் இருக்கலாம். கருநிறமும் குறைந்த வலிமையும் கொண்ட பியராக அது மாறியது பிற்காலத்தில்தான். 1970 களில் ஜாக்சன் கண்டவற்றை என்றுமுள்ள வகைகளாகப் பலர் எடுத்துக் கொண்டது சிக்கலுக்கு இடமளித்தது. போட்டிகளில் வகையின் வரையறைக்குள் அடங்கவில்லை என்பதற்காகவே நல்ல பியர் ஒன்று பின்தள்ளப்படும் நிலையும் உண்டு. இக்குறையில் பெரும்பங்கு அவருடைய பட்டியலை விதிநூலாக்கியவர்களையே சாரும். ஜாக்சன் தாமே புதிய பதிப்புகளில் வகைகளைத் திருத்தியும் கூட்டியும் வந்தார்.

நோயும் மறைவும்

வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் ஜாக்சன் பார்க்கின்சன் நோயால் துன்புற்றார். நடையில் தடுமாற்றமும் பேச்சில் குழறலும் ஏற்பட்டன. பியரைப் பற்றி எழுதுபவர் என்பதால் இவற்றைப் பார்த்தோர் அவர் குடித்திருப்பதாகவே எண்ணினர். வாழ்நாள் முழுவதும் பியர் என்பது போதைக்கானது மட்டுமன்று என எழுதி வந்த ஒருவருக்கு இது பெரும் மனவேதனையை அளித்தது. நீண்டகாலம் நோயை வெளியிடாமல் இருந்தவர் 2006 டிசம்பரில் அதனை வெளிப்படையாக அறிவித்தார். தாம் குடித்திருக்கவில்லை என்பதையே தலைப்பாக வைத்து இந்நோயைப் பற்றி நூல் ஒன்றை எழுதவும் எண்ணியிருந்தார். அது நிறைவேறவில்லை.

2007 ஆகஸ்ட் 30 அன்று லண்டனின் ஹாமர்சுமித் பகுதியிலுள்ள தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 65. அவருடைய நூல்களும் சுவைக் குறிப்பேடுகளும் அலுவலகத் தாள்களும் ஆக்சுபோர்டு புரூக்சு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2013 இல் வெளியானது.