கங்கை கொண்ட சோழன்

தமிழகத்தை ஆண்ட வேந்தர் பலர். அவருள் வடக்கே கங்கைக் கரைக்கும் கிழக்கே கடாரத்திற்கும் படை செலுத்திய பெருமை முதலாம் இராசேந்திர சோழனுக்கே உரியது. இவன் இராசராச சோழனின் மைந்தன். ஆடித் திங்கள் திருவாதிரை நாளில் பிறந்தவன். தந்தையின் காலத்திலேயே படை நடத்திப் போர்த்தொழில் பயின்றான். 1012-ஆம் ஆண்டில் இளவரசுப் பட்டம் பெற்று, 1014-ஆம் ஆண்டு முதல் தனியரசு செலுத்தினான்.

பாண்டியர் தம் மணிமுடியை ஈழ மன்னனிடம் அடைக்கலமாக வைத்திருந்தனர். முதற் பராந்தகன் அதனைக் கைப்பற்ற முயன்றும் இயலவில்லை. பல்லாண்டு கழித்து ஈழத்தை வென்ற இராசேந்திரன் அம்முடியைக் கைக்கொண்டான். ஏறத்தாழ 1023-ஆம் ஆண்டில் அவன் படை கலிங்கத்தைக் கடந்து வங்கம் புகுந்து, கங்கைக் கரையை அடைந்தது. கோதாவரிக் கரையில் தங்கியிருந்த மன்னன், கங்கை நீருடன் மீண்ட படைத்தலைவனை எதிர்கொண்டான். 1025-ஆம் ஆண்டில் அவன் கடற்படை கடாரத்தை வென்றது.

வெற்றியின் நினைவாக அவன் புதிய தலைநகர் ஒன்றை அமைத்தான். அதுவே கங்கைகொண்ட சோழபுரம். பிற மன்னர் கல்லில் வெற்றித்தூண் நாட்டினர்; இவனோ நீரால் ஒன்று அமைக்க விரும்பினான். கங்கை நீரைப் பெய்து, சோழகங்கம் என்னும் பேரேரியை உண்டாக்கினான். அது இன்று பொன்னேரி என வழங்குகிறது. வீரத்தின் அடையாளம் உழவர்க்கு உதவும் நீர்நிலையானது எண்ணி மகிழத்தக்கது. கல்வியையும் அவன் மறந்தானல்லன். எண்ணாயிரத்தில் 340 மாணவர் உண்டு உறைந்து பயில அவன் காலத்தில் ஏற்பாடு செய்யப்பட்டமையைக் கல்வெட்டால் அறிகிறோம்.

அரியலூர் மாவட்டத்திலுள்ள அவ்வூருக்கு இன்று செல்வோர் முதலிற் காண்பது, ஏறத்தாழ 180 அடி உயர்ந்த விமானத்தையுடைய சிவன் கோயிலாகும். அதன் வடபுறத்தே சண்டேசர் சிற்பம் உள்ளது. அம்மையோடு வீற்றிருக்கும் இறைவன், கைகூப்பி அமர்ந்த அடியாரின் தலையில் மலர்மாலை சூட்டுகின்றார். எத்துணை நாடு வென்றும் இறைவன்முன் பணிந்த இராசேந்திரனையே அச்சிற்பம் குறிப்பாற் காட்டுகிறது என அறிஞர் சிலர் கருதுவர். செதுக்கிய சிற்பியின் பெயரை நாம் அறியோம். அவன் கைத்திறன் மட்டும் கல்லில் நிற்கின்றது.

1044-ஆம் ஆண்டில் இராசேந்திரன் மறைந்தான். அவன் அமைத்த நகரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிப் பின்னர் அழிந்தது. மாளிகைமேட்டில் 1980-ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கூரையோடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் அந்நகரின் பழஞ்சிறப்பை உணர்த்துகின்றன.

காலம் மட்டுமே அந்நகரை அழித்தது என்று கூறுதல் பொருந்தாது. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கோயில் மதிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஊரார் தடுத்தும் பயனில்லை. ஈடாகச் செங்கல் மதில் எழுப்புவதாகக் கொடுத்த வாக்கும் முற்றும் நிறைவேறவில்லை. எஞ்சிய கோயில் 2004-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. ஓர் அரசன் முப்பது ஆண்டுகளிற் பெற்ற புகழுக்குச் சான்றாக நிற்பவை அக்கற்களே. அவற்றில் பெயரைக் கீறாமலும் சிற்பங்களைச் சிதைக்காமலும் காத்து, பின்வருவோர்க்கு அளித்தல் நம் கடமையாகும்.